அவசரம் இல்ல

திருப்பதியில் தலைமையாசிரியர்களுக்கான பயிற்சியின் மூன்றாம் நாள். சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் அதிகாரி சுரேஷ்பாபு பட்டியலை வாசித்து முடித்தார். அடுத்த ஓராண்டுக்கு வாரம் ஒருமுறை வழிகாட்டி வந்து கூட நிற்கப்போகும் பள்ளிகள் பதினேழு. நகரிப் பக்கத்து எழிலரசனின் தமிழ்ப்பள்ளி அதில் இல்லை. அவன் திரும்பி, பின்வரிசையில் இருந்த ஜெயசீலியைப் பார்த்துச் சிரித்தான். அவள்தான் அவனுக்கு ஒதுக்கப்பட்ட வழிகாட்டி; அவன் பள்ளியைப் பார்த்து அறிக்கை அனுப்பியவளும் அவளே. சித்தூரில் இருபது வருடம் தலைமையாசிரியையாக இருப்பவள். அந்தச் சிரிப்பில் குறை எதுவும் இல்லாததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஆபீஸ்ல எவனோ தப்பா அடிச்சிட்டிருப்பான் மேடம்," என்றான் சாப்பிடும்போது. "துன்னுங்க. இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு."

"நீ என்னப்பா பண்ணப்போற?"

"எச்.எம். பொறுப்பு வேணாம்னு இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன். எங்க நைனா தறியில உக்காந்தா கை ரெண்டும் கால் ரெண்டும் தனித்தனியா வேல செய்யும். எனக்கு அந்த வித்தையும் வரல, இதுவும் வரல." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

ஆகஸ்டில் அவள் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தாள். இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஷேர் ஆட்டோ. ஒரே கூடத்தில் ஐந்து வகுப்புகள். ஒன்றின் சத்தம் இன்னொன்றைக் கலைக்காமலிருக்கப் பிள்ளைகளை ஆளுக்கொரு சுவர் பார்த்து உட்காரவைத்திருந்தான். நடுவில் அவன் மட்டும், காற்றுத்திசைகாட்டி சுற்றுவதுபோல் நாள் முழுக்கத் திரும்பிக்கொண்டே இருந்தான். கிளம்பும்போது கேட்டாள், உதவி வேணுமா என்று.

"வேணும் மேடம். வாரம் ஒருவாட்டி நீங்க வந்து நின்னாலே போதும். ஆனா அவசரம் இல்ல, உங்க காலு வலி சரியாவட்டும்."

ஆட்டோவில் உட்கார்ந்து கைபேசியில் பட்டியலுக்கான தெலுங்குப் படிவத்தைத் திறந்தாள். வெளியுதவி என்ற கேள்விக்குக் கீழே இரண்டே பதில்கள்: அவசரம் உந்தி, அவசரம் லேது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை; உந்தி என்றால் உண்டு, லேது என்றால் இல்லை. வீட்டில் தமிழும் ஆபீசில் தெலுங்குமாகவே அறுபதைத் தொட்டவளுக்கு அது தெரியாததல்ல. அவன் சொன்ன 'அவசரம் இல்ல' காதில் இருந்தது. விரல் 'அவசரம் லேது'வைத் தொட்டது. நிச்சயம்தானா என்று படிவம் மறுபடி கேட்டது. அந்த ஒரு நொடியில் அவள் பிள்ளைகளை நினைக்கவில்லை. இரண்டு பஸ்ஸையும் ஷேர் ஆட்டோவையும் நினைத்தாள். ஆம் என்று அழுத்தினாள்.

அன்றிலிருந்து, மொழி தடுக்கிவிட்டது என்றே தனக்குச் சொல்லிவந்தாள். ஞாயிறு ஆராதனையில் எல்லோரோடும் பாவ அறிக்கை சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிப் போகும்.

பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவிக்கொண்டு சுரேஷ்பாபுவிடம் போனாள். அவர் திருத்தப் படிவத்தை நீட்டி, காரணம் கேட்கும் இடத்தை விரலால் காட்டினார்.

"எச்.எம். தப்பா சொன்னாருன்னு டிக் பண்ணுங்க மேடம். ரிட்டையர் ஆகிற டைம்ல உங்களுக்கு எதுக்கு மெமோ? அவருக்கு ஏமி காது, ஒண்ணும் ஆகாது, சின்ன வயசு."

அவள் அதற்குக் கீழே இருந்த 'வழிகாட்டியின் கவனக்குறைவு' கட்டத்தில் குறியிட்டாள். பேனா எழவில்லை. அதுவும் முழு உண்மை இல்லை. அதற்கென்று படிவத்தில் கட்டம் எதுவும் இல்லாததால் ஓரத்தில் தெலுங்கில் ஒரே ஒரு சொல் எழுதினாள்: தெலிசே. தெரிந்தே.

சுரேஷ்பாபு கண்ணாடியைக் கழற்றினார். "அனுப்பறேன். கிடைக்கும்னு சொல்ல முடியாது," என்றார்.

வெளியே குழாயடியில் எழிலரசன் தன் தட்டோடு அவள் விட்டுவந்த தட்டையும் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன மேடம், ஆபீஸ் தப்புதானே?"

"இல்ல எழில். நான்தான் வேணாம்னு போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

அவன் நிமிரவில்லை. எப்போதோ சுத்தமாகிவிட்ட தட்டை உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் அதன்மேல் விழுந்து, விளிம்பெல்லாம் விரிந்து வழிந்தது.