பச்சையாகக் குடித்த பால்

சவூதியில் ஒட்டகப் பண்ணையொன்றில் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு நெடுங்கேணிக்குத் திரும்பிய நிஷாந்தனுக்கு, வந்த இரண்டாம் மாதம் காய்ச்சல் தொடங்கியது. காலையில் இருக்காது. பின்னேரமானால் குளிரோடு வரும். பிறகு சேர்ட் நனைய வியர்க்கும். இடுப்பு நோவில் வயலில் குனிய முடியவில்லை. எலிக்காய்ச்சலோ என்று மனைவி ராஜினி பயந்தாள். இரத்தம் சோதித்தார்கள். அதுவும் இல்லை, டெங்குவும் இல்லை.

முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் டொக்டர் தாட்சாயினி, "வெளிநாட்டில என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

"ஒட்டகம் பார்த்தனான்."

"பால் குடிச்சனீங்களோ? காய்ச்சாமல்?"

"ஓம், கறந்த சூட்டோட. போன புதுசில ஒரு சாப்பாடும் வயித்தில தங்கேல்லை டொக்டர். புளிச்ச ஒட்டகப்பால்தான் என்னைக் காப்பாத்தினது."

அவர் அதை மறுக்கவில்லை. "வயித்துக்கு நல்லது செய்யிற கிருமியும் அந்தப் பாலில இருக்கும். அதோடயே புருசெல்லா எண்ட கெட்ட கிருமியும் இருக்கலாம். ருசியில தெரியாது. புளிச்சால் சாகும் எண்டு நம்பேலாது. காய்ச்சினால் சாகும்."

இரத்தச் சோதனையிலும் புருசெல்லாதான் என்று வந்தது. ஆறு கிழமைக்கு இரண்டு வகை மருந்துக் குளிசை கொடுத்தார்கள்.

திரும்பி வந்த பஸ்ஸில் ராஜினிக்குப் பக்கத்தில் இருந்தபோதுதான் நிஷாந்தனுக்கு அனோஜனின் நினைவு வந்தது. இப்போது அதே பண்ணையில் வேலை செய்வது ராஜினியின் தம்பி அனோஜன். அவனுக்குப் பால் குடிக்கச் சொல்லி அனுப்பியவன் இவன்தான்.

இறங்கியதும் சந்தையடியில் நின்றே வாட்ஸ்அப்பில் அழைத்தான்.

"பாலைக் காய்ச்சியோ குடிக்கிறாய்?"

"இல்லை அத்தான். நீங்கள்தானே பச்சையாக் குடிக்கச் சொன்னீங்கள்?"

"பிழையாச் சொல்லிப்போட்டன்." தன் நோயை ஒளிக்காமல் சொன்னான்.

அனோஜன் சொன்னான்: "எனக்கும் ரெண்டு கிழமையா முழங்கால் நோகுது. வேலைக் களைப்பு எண்டு விட்டிட்டன்."

ராஜினி போனை வாங்கினாள். "நாளைக்கே டொக்டரிட்டப் போ. போயிட்டு எனக்குக் கோல் எடு." நிஷாந்தனை அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவனுக்குக் கூடுதலாக நொந்தது.

அனோஜனுக்கும் அதே கிருமிதான். ஆனால் வேளைக்கே பிடிபட்டுவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, "குளிசை போட்டாச்சோ?" என்று அத்தானும் மச்சானும் போனில் ஒருவரையொருவர் கேட்பது வழக்கமானது.

நிஷாந்தனின் காய்ச்சல் இரண்டாம் கிழமையில் நின்றது. குளிசை முடிந்தபின் மெல்ல மெல்ல வயலுக்குப் போகத் தொடங்கினான். ஒருநாள் அனோஜன் படமொன்று அனுப்பினான்: அடுப்பில் பெரிய சட்டி நிறையப் பால், சுற்றி நாலு பண்ணையாட்கள், கையில் கோப்பையோடு.

நிஷாந்தன் அதை ராஜினியிடம் நீட்டினான். அவள் பார்த்து, "பொங்கி வழியப்போகுது, அடுப்பைக் குறைக்கச் சொல்லுங்கோ" என்றாள்.