'ர்' வெட்டிய கட்டளைகள்

என் வீட்டுக்காரர் ஹோட்டல் சலவைக்கூடத்தில் மூன்று மாதத் தற்காலிக மேற்பார்வையாளர். ஆய்வு நாளில் வேலை ஒழுங்காக நடந்தால் பதவி நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்கு நடையைக் கட்டவேண்டியதுதான். அதே கூடத்தின் மூலையில் கிழிந்த விரிப்புகளைத் தைப்பவள் நான். கண்கொள்ளாக் காட்சி தினமும் இலவசம்.

அங்கே சலவை செய்யும் மூன்று பெண்களுக்கும் ஸ்பானிஷ் மட்டுமே தெரியும். ஒன்பது வருடமாக யாரும் சொல்லாமலே வேலை செய்தவர்கள். அது இவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு புத்தகம் வாங்கினார். வணக்கம், நன்றி இருந்த பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு நேராகக் கட்டளைப் பாடத்தில் போய் உட்கார்ந்தார். வினைச்சொல்லின் கடைசி 'ர்'ரை வெட்டி எறிந்தால் கட்டளை தயாராம். 'லாவார்' என்றால் துவைப்பது, கழுவுவது எல்லாம். 'லாவா' என்றால் துவை. 'தோப்லார்' மடிப்பது, 'தோப்லா', மடி. ஆட்சி செய்வது இவ்வளவு சுலபமா என்று பூரித்துப்போனார். வீட்டில் ஒத்திகை என் தலையில்தான் விடிந்தது.

அவர் வாயைத் திறந்த நாளிலிருந்து அந்தப் பெண்கள் பணிவின் சிகரங்களாகிவிட்டார்கள். சொன்னால் செய்தார்கள். சொல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு விரிப்புக்கு ஒரு 'தோப்லா'. நாளொன்றுக்கு எண்ணூறு விரிப்பு. ஆய்வுக்கு முந்தின நாள் ஐயாவின் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

கிண்டல் செய்கிறேனே தவிர, மறுநாள் காலை மேலாளர் உள்ளே வந்தபோது ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சாமியை வேண்டிக்கொண்டேன். பாவம், என்ன இருந்தாலும் என் புருஷன். அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். மூத்தவள் பெருமூச்சு விட்டுவிட்டு முதல் விரிப்பை எடுத்தாள். அவ்வளவுதான். மதியத்துக்குள் எண்ணூறும் அலமாரியில் ஏறிவிட்டன.

"ஒரு வார்த்தை பேசாம இப்படி வேலை வாங்குறீங்களே, சார். நாளைலேர்ந்து நீங்க நிரந்தரம்" என்றார் மேலாளர்.

இவரும் கூச்சமே இல்லாமல் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

அன்று மாலை சாப்பிட்டு முடித்ததும் என் தட்டையும் அவர் தட்டின் மேல் வைத்து நகர்த்தினேன்.

"லாவா" என்றேன்.

என் உச்சரிப்பைத் திருத்தத்தான் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. எழுந்து போய்க் கழுவினார்.