குறுக்கே போன கம்பி

சண்டை என்றாலே அவனுக்கு ஆகாது. அலுவலகத்தில் சமாதானம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டிலும் அதே கதைதான். மனைவி நனைந்த குடையைக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டுவாள். இவன் மூச்சு விடாமல் எடுத்து வந்து வாசலில் செருப்பு அலமாரி மேல் சாய்த்து வைப்பான். வருஷக்கணக்காக இது நடக்கிறது. அலமாரியின் அடிப்பலகை உப்பிப் போனதற்கு மட்டும் தச்சரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. ஆம்புலன்ஸில் நோயாளியின் நாடித்துடிப்பைப் பதிந்து ரேடியோ வழியாக மருத்துவமனைக்கு அனுப்பும் பெட்டியைச் செய்கிற நிறுவனம் அது. பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையை, அதாவது போர்டை, வரைவது அவள். அந்த போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்கு எழுதிக் கொடுப்பது அவன். கெர்னல் என்பது பெட்டியை ஓட்டுகிற மென்பொருளின் அடிப்பகுதி. அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. தகவலைச் சேமிக்கும் சிப்களை மேய்க்கிற ஃபிளாஷ் மெமரி கன்ட்ரோலர் எந்த முகவரியில் இருக்கிறது, அதன் கீழ் எத்தனை சிப், எந்த சிப்பை எந்தக் கம்பியால் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக ஒரு வர்ணனைக் கோப்பு எழுதித் தர வேண்டும். இருப்பதை இருக்கிறபடி எழுதினால் போதும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். வீட்டுத் தரகர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

புது போர்டு அவள் தனியாக வரைந்த முதல் போர்டு. அது நன்றாக ஓடினால் போர்டுக் குழுவுக்கு அவள்தான் தலைவி என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவள் வரைபடத்தைத் திறந்தால் இவனுக்குக் கண்ணை எடுக்க மனம் வராது. ஒரு கம்பி வீணாக வளையாது. எதற்கு எது பக்கத்தில் இருக்க வேண்டுமோ அது அங்கே இருக்கும். பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே மலைத்துப் போவான்.

அப்படி மலைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. கன்ட்ரோலருக்குக் கீழே இரண்டு சிப்கள். முதல் சிப்பில் இயங்குதளம், இரண்டாவதில் நோயாளிகளின் பதிவுகள். பூஜ்யம் என்று எண்ணிட்ட கம்பி முதல் சிப்புக்குப் போக வேண்டியது, குறுக்கே தாண்டி இரண்டாவதற்குப் போயிருந்தது. ஒன்றாம் கம்பி முதலாவதற்கு வந்திருந்தது. அவன் ஓடிப் போய்ப் பார்த்தான். போர்டுகள் அச்சாகி வந்து, அலமாரியில் அடுக்கியும் ஆயிற்று.

வர்ணனைக் கோப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கோப்பை ஊரே படிக்கும். என்ன இது தலைகீழாக இருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்பார். அவளுடைய முதல் போர்டு சந்தி சிரிக்கும். அதனால் நம்மாள் கோப்பில் எல்லாம் நேராக இருப்பதாக எழுதிவிட்டு, கன்ட்ரோலரை ஓட்டும் டிரைவர் என்ற நிரலுக்குள் புகுந்து இரண்டு கம்பிகளையும் காதும் காதும் வைத்தாற்போல மாற்றிவிட்டான். புது போர்டு சமர்த்தாக எழுந்து ஓடியது. மெமரிப் பிழைகளின் எண்ணிக்கை பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய போர்டுகளுக்கும் அதே டிரைவர்தான் என்பது மட்டும் புத்தியில் உறைக்கவில்லை.

மறுநாள் காலை சோதனை அறையில் பழைய பெட்டிகள் வரிசையாகப் பாதியில் நின்று கிடந்தன. இயங்குதளத்தைத் தேடி எல்லாம் நோயாளிகளின் பதிவுகளுக்குள் போய் முழித்துக்கொண்டிருந்தன. ஓடுகிற ஆம்புலன்ஸ்களுக்கு அன்று மாலை போயிருக்க வேண்டிய மென்பொருள் அது. சோதனை செய்கிற பெண் டிரைவரில் மாறியிருந்த வரியைத் திரையில் காட்டி, இதை யார் செய்தது என்று கேட்டாள். மேலாளர் இருந்தார், மனைவியும் இருந்தாள். கை தவறிவிட்டது என்று பூசி மெழுகிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தான். நோயாளிகள் ஞாபகம் வந்தது, முடியவில்லை.

"போர்டுல கம்பி மாறியிருந்துச்சு," என்றான். "அவ பேர் கெட வேண்டாம்னு நான்தான் உள்ளயே மாத்திட்டேன்."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் பழைய போர்டையும் புது போர்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையதில் நேராக இழுத்த கம்பி ரேடியோவை உரசிக்கொண்டு போகிறது, ரேடியோ பேசும்போதெல்லாம் இரைச்சல் அதில் ஏறுகிறது, அதை விலக்கத்தான் இதில் வேண்டுமென்றே குறுக்கே விட்டேன் என்றாள். ரேடியோ பேசினால் பழைய பெட்டிகளில் பிழை ஏன் ஏறுகிறது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த சோதனைக்காரப் பெண், போர்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டிரைவரைப் பழையபடி வையுங்கள், வர்ணனையைச் சரியாக எழுதுங்கள் என்றார் மேலாளர். எழுதியதைக் குழுத் தலைவியிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள் என்று அவளைக் கைகாட்டினார். இவனுக்கு ஒரு பக்கம் பூரிப்பு, இன்னொரு பக்கம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பும்போது மழை. ஒரே குடையில்தான் நடந்தார்கள். அவள் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

"எந்தக் கம்பி எந்த சிப்புக்குன்னு எழுத கோப்புல ஒரு இடமே இருக்கு, உங்களுக்குத் தெரியாததான்னு சொல்லாம விட்டேன்," என்றாள். "நான் உங்களை அவ்வளவு நம்பினேன். நீங்க நான் தப்பு பண்ணிட்டேன்னு முடிவே பண்ணிட்டீங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இது சுருக்கென்று குத்தியது. அவள் குடையைக் கொண்டுபோய்க் குளியலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். பழக்கதோஷத்தில் அவன் கை அதை எடுக்க நீண்டது, பாதியில் நின்றது.

"குடையை ஏன் இங்க மாட்டுற?"

"இங்கதான் தரை சாய்வா இருக்கு. தண்ணி வடிஞ்சு நேரா ஓட்டைக்குப் போயிடும். வாசல்ல வச்சா செருப்பு அலமாரிக்குள்ள இல்ல இறங்கும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். "அப்ப அதை எடுத்து அங்க வைக்கிறது நீங்கதானா? நானே மறந்துபோய் வச்சிடறேன்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன், இத்தனை வருஷமா."

தச்சரைத் திட்டியதெல்லாம் பெரிதாகவே தெரியவில்லை. எவ்வளவு கெட்டிக்காரி, அவளைப் போய்த் தன்னையே சந்தேகப்பட வைத்திருக்கிறான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "வேற என்னெல்லாம் மாத்தி வச்சிருக்கீங்க?"

அவன் ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல், ஒவ்வொன்றாக, இருந்ததை இருந்தபடி சொல்ல ஆரம்பித்தான்.