லாய்ட் கல்

ஆறு பேர் தூக்கி வந்த கணவனின் சவப்பெட்டியை மரியபுஷ்பம் பாதி வழியில் வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, மீதி தூரத்தைத் தனியாக நடந்தாள். 1992-இல், மைசூர் என்.ஆர். மொஹல்லாவில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் அது. லாய்ட் சாதாரண உடம்புக்காரன் இல்லை. அவன் அளவுக்குப் பெட்டி கிடைக்காமல் தச்சரை உட்காரவைத்துப் பலகை அடிக்க வேண்டியிருந்தது. தூக்கி வந்தவர்களில் ஒருவர், "குடிக்காம இருந்திருந்தா இப்டி ஆயிருக்குமா" என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். பின்னால் வந்த மரியபுஷ்பத்தின் காதில் அது விழுந்தது. "எறக்குங்க. அவர நீங்க யாரும் தூக்க வேண்டாம்" என்றாள். பிறகு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பாதிரியார் சற்று வேகமாக நடக்க வேண்டியிருந்ததைத் தவிர அடக்கத்தில் வேறு மாற்றம் எதுவும் இல்லை.

லாய்ட் நஞ்சன்கூடு சாலையில் பசவராஜின் கிரானைட் யார்டில் லோடராக இருந்தவன். தசரா சமயத்தில் பசவராஜ் தன் பெயர் ஊரில் பரவ ஒரு பலசாலிப் போட்டி நடத்துவார். அரிசி மூட்டை, தண்ணீர் நிரப்பிய டிரம், டிராக்டர் டயர் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் லாரியில் ஏற்ற வேண்டும். கடைசியில் ஒரு உருண்டைக் கல். கைப்பிடி இல்லாத பொருளை எப்படித் தூக்குவது என்பது லாய்டுக்குக் கைவந்திருந்தது. குந்தி உட்கார்ந்து கல்லை மடிக்கு உருட்டுவான், குழந்தையைப்போல மார்போடு அணைப்பான், மூச்சை அடக்கி எழுந்து இடுப்பால் ஒரு தள்ளு தள்ளுவான். வருஷா வருஷம் அவன்தான் ஜெயித்தான். பசவராஜ் மாலை போட்டு, தோளில் கை போட்டு, போட்டோ எடுத்துக்கொள்வார்.

யார்டு கிரேனின் சங்கிலி துருப்பிடித்திருப்பதை லாய்ட் பசவராஜிடம் சொல்லியிருந்தான். "மழைக்காலம் போகட்டும்" என்றார் அவர். மழைக்காலம் போகவில்லை, சங்கிலி போயிற்று. கல் லாய்டின் மேல் விழுந்தது. பலசாலி என்ற திமிரில், குடித்துவிட்டு, அவனாகவே கல்லுக்கு அடியில் போய் நின்றான் என்று பசவராஜ் போலீசில் சொன்னார். சாராய வாடை அடிக்கிறது என்று கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்தவன் லாய்ட். அவன் அப்பா குடியில்தான் போனார். இதெல்லாம் தெருவுக்கே தெரியும். தெரிந்திருந்தும் ஊர் பசவராஜ் சொன்னதையே சொன்னது.

அடக்கத்துக்குப் பிறகு, கோபம் வந்தால் மரியபுஷ்பத்தின் கையில் எதற்கும் எடை இருப்பதில்லை என்று ஆயிற்று. அவள் நர்ஸ். ஆம்புலன்ஸ் வரும் வழியில் ஒரு பெரிய டாக்டர் காரை நிறுத்திவிட்டுப் போனபோது, அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வார்டுக்குப் போனாள். லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் நோயாளியைக் கட்டிலோடு மாடிக்குக் கொண்டுபோனாள். மேட்ரன் அதற்கேற்ப அவளுக்கு டியூட்டி போட்டார். கோபம் தணிந்ததும் எடை திரும்பிவிடும். ஒரு தவக்காலத்தில், மன்னிக்கப் பழகச் சொன்னார் பாதிரியார். அவளும் மனதார முயன்றாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் காலி கேஸ் சிலிண்டரைக்கூட நகர்த்த முடியவில்லை. "இது எனக்குச் சரிப்படாது ஃபாதர்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

1995 தசராவுக்கு முன் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். லாய்ட் நினைவுக் கோப்பை. குடியை விடு, கல்லைத் தூக்கு. கடைசிச் சுற்றில் தூக்க வேண்டியது லாய்ட் கல் என்று போட்டிருந்தது. அவன்மேல் விழுந்த அதே கல்லைக் கொத்தி உருண்டையாக்கி, மஞ்சள் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார் பசவராஜ். இதை யார்டில் வேலை பார்த்தவர்களே வந்து அவளிடம் சொன்னார்கள், தலை நிமிராமல்.

மைதானத்துக்கு மகள் நிம்மியையும் கூட்டிக்கொண்டு யூனிஃபார்மிலேயே போனாள். "ஹெங்கசரிகெ இல்லம்மா, லேடீஸுக்குப் போட்டி இல்ல" என்று மறித்தவனை ஒதுக்கிவிட்டு நேராகக் கல்லிடம் நடந்தாள். குந்தவில்லை, மடியில் ஏற்றவில்லை. சந்தையில் பூசணிக்காயை எடுப்பதுபோல இரண்டு கையாலும் எடுத்தாள். கூட்டம் லாரியைப் பார்த்தது. அவள் மேடையைப் பார்த்து நடந்தாள். பசவராஜின் நாற்காலிக்கு முன்னால் நின்று, கல்லை அவர் தலைக்கு நேராக உயர்த்திப் பிடித்தாள்.

"சொல்லுங்க. என் வீட்டுக்காரர் குடிச்சிருந்தாரா?"

பசவராஜ் அழத் தொடங்கினார். கைகூப்பினார். "லாய்டு எனக்குத் தம்பி மாதிரிம்மா. அவன் போனப்புறம் எனக்கு நித்தெ இல்ல, ஊட்டா இல்ல, தூக்கமும் சோறும் போச்சு" என்றார். வெள்ளை ஜிப்பாவில் கண்ணீர் சொட்டியது. வயதான மனிதர் அப்படி அழுவதைப் பார்க்கக் கூட்டத்துக்குச் சங்கடமாக இருந்தது. மரியபுஷ்பத்துக்கும்தான். அந்த இரக்கத்தோடு கல்லின் எடை திரும்பியது. முழங்கை மடங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஒரு மூச்சு தாமதித்திருந்தால் கல் இரண்டு பேரையும் சேர்த்து நசுக்கியிருக்கும்.

"அம்மா!" என்று கத்தினாள் கூட்டத்திலிருந்த நிம்மி. "நோடும்மா, நல்லா பாரு, அவரு இன்னும் பதிலே சொல்லல! அழறாரு, அவ்ளோதான்!"

அது உண்மைதான். மரியபுஷ்பம் முதுகை நிமிர்த்தினாள். கல் மறுபடியும் பூசணிக்காயாயிற்று.

"குடிதிரலில்ல" என்றார் பசவராஜ். மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. "அவன் குடிக்கல. செயின் கெட்டிருந்தது. எனக்குத் தெரியும்."

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் அவர் அதை மாற்றிச் சொன்னார். தலைக்கு மேல் கல்லைப் பிடித்தால் யார்தான் என்னதான் சொல்லமாட்டார்கள் என்று கேட்டார். நியாயம்தானே என்றார் இன்ஸ்பெக்டர். அவள் மேல் வழக்குப் போடாமல் விட்டதே பெரிய மனது என்றும் சொல்லி அனுப்பினார்.

மரியபுஷ்பம் ஸ்டேஷனிலிருந்து மைதானத்துக்குப் போய்க் கல்லை எடுத்து, பசவராஜ் வீட்டு கேட்டுக்கு நடுவே வைத்தாள். கார் வெளியே வரமுடியவில்லை. பசவராஜ் கிரேன் வரவழைத்துக் கல்லை யார்டுக்கு அனுப்பினார். அவள் டியூட்டிக்குப் போகும் வழியில் அதைக் கொண்டுவந்து மறுபடியும் வைத்தாள். அவர் எடுப்பதும் அவள் வைப்பதுமாக மாதங்கள் போயின. கல்லை உடைத்துவிடச் சொன்னார் அவர். லாய்டோடு வேலை பார்த்தவர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பிறகு கிரேன் ஓட்டுகிறவர்களும் வர மறுத்தார்கள். போட்டி நின்றது. பசவராஜ் பக்கவாட்டுச் சுவரை இடித்துக் காருக்கு வேறு வழி வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் அவர் மனைவி சித்தம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து, வார்டுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

"அவரு சொல்லமாட்டாரு அக்கா" என்றாள். "கட்டிக்கிட்ட நாளா பாக்கறேன். தப்புன்னு ஒரு தடவெகூட வாயில வந்ததில்ல."

"அப்ப கல்லும் அங்கதான் இருக்கும்."

"இருக்கட்டும். நான் எடுக்கச் சொல்ல வரல. சோமவாரம் மட்டும் வாசல் பெருக்கி ரங்கோலி போடணும். கல்லுக்கடியில எல்லாம் குப்பெ, எறும்பு."

மரியபுஷ்பம் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எத்தன மணிக்குப் பெருக்குவீங்க?" என்று கேட்டாள்.

அதிலிருந்து திங்கட்கிழமை காலைகளில், டியூட்டிக்குப் போகும் வழியில் அவள் அந்த கேட்டில் நிற்பாள். உள்ளே பசவராஜ் பேப்பர் படித்துக்கொண்டிருப்பது ஜன்னலில் தெரியும். அவர் நிமிரமாட்டார். அது போதும், கல் கைக்கு வந்துவிடும். சித்தம்மா பெருக்கி, தண்ணீர் தெளித்து, புள்ளி வைத்துக் கோடு இழுத்து முடிக்கும்வரை மரியபுஷ்பம் கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பாள். நிம்மியின் பரீட்சையைப் பற்றி, தக்காளி விலையைப் பற்றி. பால்காரர் இருவரையும் சுற்றிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப்போவார். ரங்கோலி முடிந்ததும் அதன் நடுவில், ஒரு கோடும் அழியாமல், கல்லை இறக்கி வைத்துவிட்டு அவள் பஸ்ஸுக்கு நடப்பாள்.