புல்வெளியில் இரண்டாவது மான்

வெர்னாவுக்கு அந்தப் பயணமே பிடிக்கவில்லை. அறுபத்திரண்டு வயதில், செப்டம்பர் கடைசிக் குளிரில், மான் படம் எடுக்க யாராவது மலையேறுவார்களா என்று வெள்ளிக்கிழமை வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் தம்பி லாயிட் தனியாகப் போகிறேன் என்றதும் கார் சாவியைத் தானே எடுத்துக்கொண்டாள். இருபத்தெட்டு வருடம் இரும்புத் தகடு அடிக்கும் பட்டறையில் நின்றதில் அவனுக்குக் காது மந்தமாகிவிட்டது. இரண்டு காதிலும் கருவி மாட்டிக்கொண்டுதான் நடமாடுவான். அப்படிப்பட்டவனை, எல்க் மான்கள் இணை சேரும் பருவத்தில், பென்சில்வேனியாவின் வடக்கு மலைகளுக்குத் தனியே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தப் பருவத்தில் ஆண்மான்களுக்குப் பித்துப் பிடித்துவிடும். ஒவ்வொன்றும் குதிரை உயரம் இருக்கும். பெண்மான்களை வளைத்து வைத்துக்கொண்டு, கிட்டே வருவது எதுவானாலும் முட்டும். போன வருடம் ஒருவருடைய தொடையைக் கொம்பு கிழித்துவிட்டது என்று அன்றிரவு தங்கப் போன மோட்டலின் சொந்தக்காரி அறைச் சாவியைக் கொடுக்கும்போதே சொன்னாள். எது வந்தாலும் ஓடக் கூடாது, மரத்துக்குப் பின்னால் போய்விட வேண்டும் என்றும் சொன்னாள். வெர்னா அதை இரண்டு முறை திருப்பிக் கேட்டு, லாயிடிடமும் சொல்லிவைத்தாள்.

மறுநாள் காலை, பனிமூட்டம் தரையைவிட்டுப் பிரியும் நேரத்தில், புல்வெளி ஓரமாகக் காரை நிறுத்தினாள்.

"மானுக்கு நூறு கஜம் தள்ளித்தான் நிப்பேன். நீ உள்ளயே இரு, ஹீட்டரைப் போட்டுக்க" என்றான் லாயிட்.

"காதுல மாட்டலையா?"

"காத்துல உய்யுன்னு இரையுது. பாக்கெட்ல இருக்கு."

அவள் வாயைத் திறப்பதற்குள் கேமராவும் முக்காலியுமாக இறங்கிப் போய்விட்டான்.

புல்வெளி நடுவில் யாரோ எப்போதோ வைத்த ஆப்பிள் மரம் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் முக்காலியை ஊன்றினான். அவனுக்கு எதிரே, தொலைவில், ஆறேழு பெண்மான்களும் அவற்றின் நடுவே பெரிய ஆண்மான் ஒன்றும் மேய்ந்துகொண்டிருந்தன. வெர்னா பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றினாள். சும்மா பயந்துவிட்டோம் என்றுகூட நினைத்தாள்.

அப்போதுதான் இடதுபக்கக் காட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. அடித்தொண்டையில் உறுமலாகத் தொடங்கி, ஏறி ஏறிச் சீழ்க்கையாகக் கிழிந்து, கடைசியில் இருமல்போல உடைந்தது. காப்பி அவள் மடியில் சிந்தியது. மேப்பிள் மரங்களை விலக்கிக்கொண்டு இரண்டாவது ஆண்மான் வெளியே வந்தது. உடம்பெல்லாம் சேறு. ஒரு கொம்பில் நுனி முறிந்திருந்தது. அது பார்த்ததெல்லாம் அந்தப் பெண்மான் கூட்டத்தைத்தான். ஆனால் கூட்டத்துக்கும் அதற்கும் நடுவில் லாயிட் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அது மறுபடியும் கூவியது. கார்க் கண்ணாடியே அதிர்ந்தது. லாயிட் திரும்பவில்லை.

ஹாரன் அடிக்கக் கையை வைத்தவள் அப்படியே நிறுத்தினாள். அவனுக்கு அது கேட்காது. மான் மிரண்டு நேராக அவன்மேல் பாய்ந்தால்? போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. மான் தலையைத் தாழ்த்திக் கொம்பால் புல்லைக் கிளறிவிட்டு, ஒவ்வொரு அடியாக முன்னால் வந்தது. அறுபது அடி. ஐம்பது.

எதிரே இருந்த பெரிய மான் தலையைத் தூக்கி லாயிடைத் தாண்டிப் பின்னால் பார்த்தது. கேமராவில் அதைக் கண்டிருக்க வேண்டும், அவன் திரும்பினான். ஓடவில்லை. மரத்துக்குப் பின்னால் போனான். மான் முக்காலியை முட்டித் தூக்கி எறிந்துவிட்டு, மரத்தைச் சுற்றிக்கொண்டு அவனிடம் வந்தது. அவனும் சுற்றினான். இரண்டாவது சுற்றில் வேர் தடுக்கி விழுந்தான்.

எப்போது வண்டியைக் கிளப்பினாள் என்று வெர்னாவுக்குப் பிறகு நினைவே வரவில்லை. சாலையோரப் பள்ளத்தில் கார் இறங்கி ஏறியதில் தலை கூரையில் இடித்தது மட்டும் ஞாபகம் இருந்தது. மரத்துக்கும் மானுக்கும் நடுவில் காரைக் கொண்டுபோய் நுழைத்தாள். அடுத்த கணம் பக்கத்துக் கண்ணாடி உடைந்து மடியில் கொட்டியது. கொம்பு உள்ளே வந்திருந்தது. மூத்திரமும் சேறும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. வெள்ளை விழி தெரிய ஒரு கண் அவளைப் பார்த்தது. "போ, போ" என்று அவள் உதடு மட்டும் அசைந்தது.

மறுபக்கத்துப் பின்கதவு திறந்தது. லாயிட் தவழ்ந்து உள்ளே வந்து கதவை இழுத்துச் சாத்தினான். அவள் வண்டியை நகர்த்தப் பார்த்தாள். ஈரமண்ணில் சக்கரம் சும்மா சுற்றியது. மான் இன்னும் மூன்று முறை கதவை இடித்தது. அதற்குள் கூட்டத்து ஆண்மான் அறைகூவலாகக் கத்த, இது தலையை உதறிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. இரண்டும் மோதுகிற சத்தம், விறகு பிளப்பதுபோல, வெகுநேரம் கேட்டது.

சத்தம் ஓய்ந்து, மந்தை காட்டுக்குள் மறைந்த பிறகுதான் வெர்னா பின்னால் திரும்பினாள். அவன் நெற்றியில் சிராய்ப்பு, வேறு காயம் இல்லை.

"பின்னாலயே நின்னு எத்தனை தடவை கத்துச்சு தெரியுமா? காது மெஷினைக் கழட்டாம இருந்திருந்தா..."

அவன் அவள் உதட்டையே பார்த்தான். "போட்டிருந்தாலும் கேட்டிருக்காது வெர்னா."

"என்ன சொல்ற?"

"ஏப்ரல்லேருந்து ஒண்ணுமே கேக்கல. உன் வாயப் பாத்துத்தான் பேசிட்டிருக்கேன்."

ஏப்ரலிலிருந்து அவன் போன் செய்வதே இல்லை, எல்லாம் செய்தியாகத்தான் அனுப்புகிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்புறம் எதுக்குடா இங்க வந்த?"

"அது கத்துறது மைல் கணக்குல கேக்கும்பாங்க. கிட்டப் போனா அதாவது கேக்குமான்னு பாத்தேன்."

"கேட்டுச்சா?"

"தரை அதிர்ந்துச்சு. அவ்வளவுதான்."

அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் டிராக்டரில் கயிறு கட்டிக் காரை வெளியே இழுத்தார். காட்டு மான்கிட்ட விளையாட்டா என்று இருவரையும் நன்றாகத் திட்டிவிட்டு, உடைந்த ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாளும் ஒட்டிக் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் அந்தத் தாள் படபடவென்று அடித்தது. வெர்னாவால் சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. முகத்தைத் திருப்பாமல் பேசினால் அவனுக்குப் புரியாது. அதனால் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்தினாள். டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்க ஒருமுறை நிறுத்தினாள். இல்லை என்று தலையாட்டினான். ஏன் மறைத்தாய் என்று கேட்க இன்னொருமுறை. அதற்கு அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். மூன்றாவது முறை ஒரு பெட்ரோல் பங்குக்கு முன்னால் நிறுத்தினாள்.

"பயமா இருக்காடா?"

"பகல்ல இல்ல" என்றான். "படுத்தப்புறம்தான். வீட்டுக்குள்ள யாராவது வந்தாக்கூடத் தெரியாதுல்ல."

வெர்னா பக்கத்தில் இருந்த அவன் கையை ஒருமுறை பிடித்து அழுத்தினாள். பிறகு வண்டியை எடுத்தாள்.