சைலன்சர் பற்றிப் பதினோரு கேள்விகள்

வெள்ளை ஸ்விஃப்ட் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சத்தம் ஜூடியின் காதில் விழுந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ராஜபாளையம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். கண் ஆபரேஷன் முடிந்திருந்த அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழி. மத்தியான இரைச்சலில் ஆட்டோ, மினி பஸ், டூ வீலர் எல்லாவற்றுக்கும் அடியில் தாழ்ந்த குரலில் ஒன்று முணுமுணுத்துக்கொண்டு வந்தது. டிரைவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியில், தொண்டையைச் செருமுவது போல ஒரு சின்ன உறுமல். பிறகு பழையபடி முணுமுணுப்பு.

பெனின்தான் தன்னைக் கூட்டிப்போக வந்துவிட்டான் என்று நினைத்து அவள் முகம் மலர்ந்தது. அந்தச் செருமல் அவர்களுடைய சாம்பல் நிறக் காருக்கு மட்டுமே உண்டு. அதன் சைலன்சரை வரைந்தவள் ஜூடி. அவள் சொல்லச் சொல்ல வெல்டிங் வைத்தவன் அவள் கணவன் பெனின்.

ஆனால் இது வெள்ளைக் கார், மஞ்சள் போர்டு. டிரைவர் இறங்கி சர்பத் கடைக்கு வந்தார். சட்டைப் பையில் சோலைராஜ் என்று பெயர் தைத்திருந்தது.

"அண்ணாச்சி, இந்த சைலன்சர் எங்க மாத்துனீங்க?"

"கேட்டுட்டியளா?" அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் பேசுனா எங்க வீட்ல ஒருத்தரும் காது குடுக்க மாட்டாவ. இந்த வண்டி வந்தா மட்டும் வாசலுக்கு வந்து நிக்காவ. கிருஷ்ணன்கோவில் ரோட்டுல ராம்கி சார் ஷெட்டு இருக்குல்லா, அங்க புது மாடல் போட்டுருக்காவ. ராஜபாளையத்துல பெனின்னு ஒருத்தரு, அவரு கண்டுபிடிச்சதாம். பெரிய மண்டைக்காரரு."

"அவரு ஒருத்தரேவா?"

"பொறவு? இதை என்ன ஊர் கூடியா கண்டுபிடிக்கணும்?"

ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. ஜூடி ஏறவில்லை.

கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவள் ஜூடி. ராஜபாளையம் தென்காசி ரோட்டில் சைலன்சர் கடை வைத்திருந்த பெனினுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது, "படிப்புக்கும் மாப்பிள்ளைக்கும் பொருந்தி வந்திருக்கு" என்று சபையில் எல்லோரும் கேலி செய்தார்கள். பொருத்தம் வெளியில்தான் இருந்தது. பெனின் பேசமாட்டான். முதல் ஆறு மாதத்தில் அவன் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டு நிறையாது. கெட்டவன் இல்லை, மழை வந்தால் அவள் துணிகளையும் சேர்த்து எடுத்து வைப்பான். ஆனால் வார்த்தை வராது.

வேறு வழியில்லாமல்தான் அவள் கடைக்குப் போக ஆரம்பித்தாள். நூல் மில்லில் கழித்துப் போட்ட ஸ்டீல் குழல்கள் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடப்பதைப் பார்த்தாள். நூல் சுற்றிச் சாயம் போடுகிற குழல்கள். சாயம் ஊடுருவிப் போவதற்காக உடம்பெல்லாம் பொடிப்பொடியாகத் துளை. இரண்டை முட்டு வைத்து வெல்டிங் செய்தால் சைலன்சரின் உள்குழாய்க்குச் சரியாக இருந்தது. குழலின் ஓரங்களில் மட்டும் துளை கிடையாது. அதனால் இரண்டும் சேருகிற நடு இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் துளையில்லாத பட்டை ஒன்று விழுந்தது. அதற்கு எந்தக் காரணமும் இல்லை. குழல் அப்படி, அவ்வளவுதான். அந்தப் பட்டைதான் காலை எடுத்ததும் காரைச் செரும வைத்தது. "சரி, ஒரு மனுசன் மாதிரி இருக்கு, இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே அதையும் படத்தில் வரைந்து வைத்தாள்.

அதற்குப் பிறகு ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து நாட்கள் வந்தன. பெனின் வீட்டில் லெந்துக்கு ஒவ்வொருவரும் பிடித்த ஒன்றை விட்டுவிடுவதாகக் கர்த்தரிடம் ஒரு பொருத்தனை எடுப்பது வழக்கம். மாமனார் வெற்றிலையை விட்டார். மாமியார் கிருபாபாய் சீரியலை விட்டார். பெனின் லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன் ஆராதனை முடிந்து வரும்போது, கார் ஓட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "எல்லாரும் ஒண்ண விடுதாவ. நான் ஒண்ணு சேத்துக்கலாம்னு இருக்கேன். டெய்லி சாயந்தரம் செத்த நேரம் ஒன்கூட உக்காந்து பேசணும்."

அன்று ஜூடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

கடையில் ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய பின் சீட் ஒன்று சோபாவாகக் கிடந்தது. சாயங்காலம் அதில் இருவரும் உட்காருவார்கள். அவன் அவித்த வேர்க்கடலையை உரித்து அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே கேட்பான். "எஞ்சின் ஒண்ணுதான, பொறவு எப்படி ஒரு கார் கர்ருங்குது, ஒரு கார் கம்முனு போவுது?"

"எஞ்சின் ஒரே மூச்சா விடாதுங்க. நாலு சிலிண்டர், நாலு பேர் மாதிரி. மாத்தி மாத்தி மூச்சு விடுவாங்க. அந்த நாலு குழாயும் ஒரே நீளமா இருந்தா வரிசையா வந்து சேரும், சத்தம் சீரா இருக்கும். நீளம் முன்னப்பின்ன இருந்தா ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க, கரகரங்கும்."

"உள்ள ரெண்டு அறை எதுக்கு?"

"சத்தம் சுவத்துல மோதித் திரும்பும். திரும்பி வர்ற சத்தமும் புதுசா வர்ற சத்தமும் எதிர் எதிரா சந்திச்சா ரெண்டும் அடங்கிரும். சின்ன அறை ஒரு சத்தத்தை அடக்கும், பெரிய அறை இன்னொண்ண."

"கிளாஸ் ஊல்?"

"அந்தக் கண்ணாடிப் பஞ்சா? கீச்சுனு வர்றதை எல்லாம் அது குடிச்சிரும். கனத்த சத்தம் மட்டும் வெளிய வரும்."

அறுபதில் போகும்போது காருக்குள் ஒரு ரீங்காரம் வந்து தலையை வலிக்க வைக்குமே, அதற்கு என்ன என்று ஒரு நாள் கேட்டான். பக்கத்தில் நாலடிக்கு ஒரு குழாய் வைத்து அதன் நுனியை அடைத்துவிட்டால், அந்த ஒரு சத்தம் மட்டும் உள்ளே போய்த் திரும்பி வந்து தன்னைத்தானே தின்றுகொள்ளும் என்றாள். அவன் வெகுநேரம் அவளையே பார்த்தான். "ஒனக்கு எம்புட்டுத் தெரியுது" என்றான். கல்யாணமாகி எட்டாவது மாதம், அந்தச் சாயங்காலத்தில்தான் ஜூடி தன் கணவன்மேல் ஆசை வைத்தாள்.

ராம்கியின் ஷெட்டில் ஷேர் ஆட்டோ அவளை இறக்கிவிட்டபோது மணி மூன்று. துளை போடுகிற மிஷினில் மாரிசெல்வி என்ற பெண் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பளபளக்கும் புதுக் குழாயில் வரிசையாகத் துளை போட்டு வந்தவள், நடுவில் வந்ததும் நிறுத்தி, ஸ்கேலை வைத்து இரண்டு விரல் அகலம் விட்டு, மறுபடி தொடங்கினாள்.

"அந்த எடத்தை ஏன் விடுதீங்க?" என்று ஜூடி கேட்டாள்.

"எனக்கென்னக்கா தெரியும்? டிராயிங்குல அப்படித்தான் இருக்கு. தெரியாமப் போட்டுட்டா அம்புட்டுதான், குழாயைத் தூக்கிப் போட்டுருவாவ."

புதுக் குழாய். மில் குழலின் வாசமே படாதது. அதில் எங்கே வேண்டுமானாலும் துளை போடலாம். ஆனால் ஜூடியின் படத்திலிருந்த பட்டையை யாரோ பயபக்தியோடு அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள்.

ராம்கி உள்ளிருந்து வந்தார். ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடி, நல்ல சிரிப்பு. பெனினின் மனைவி என்று தெரிந்ததும் நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டு, வீட்டுத் தெலுங்கு கலந்து வரவேற்றார். "ரண்டிம்மா, உக்காருங்க. ஒரு போன் பண்ணியிருந்தா கார் அனுப்பியிருப்பேன்ல."

"அந்த நடுப்பட்டை..." என்று ஆரம்பித்தாள்.

"அதுலதாம்மா ரகசியமே இருக்கு" என்றார் ராம்கி. "ஒங்க வீட்டுக்காரர் லேசுப்பட்ட ஆள் இல்ல. டிராயிங்கைக் கொண்டாந்து காட்டுனப்ப முதல்ல நான் நம்பல. எங்கயாச்சும் பாத்து அடிச்சதா, தெரிஞ்சு செஞ்சதான்னு பாக்கணும்ல. பதினோரு கேள்வி எழுதி அனுப்புனேன். ஒண்ணு ஒண்ணா பதில் வந்துச்சு பாருங்க, நான் காலேஜ்ல படிச்சப்பகூட ஒரு வாத்தியார் அப்படிச் சொல்லல." போனைத் தேய்த்து அவளிடம் நீட்டினார்.

வாட்ஸ்அப்பில் வரிசையாக இருந்தன. ஒரு கார் ஏன் இரைகிறது, ஒரு கார் ஏன் இரைவதில்லை. உள்ளே இரண்டு அறை எதற்கு. கிளாஸ் ஊல் என்ன செய்யும். அறுபதில் வரும் ரீங்காரத்துக்கு வழி என்ன. அவன் கேட்ட அதே வரிசை. கீழே பெனினின் பதில்கள். "நாலு பேர் மாத்தி மாத்தி மூச்சு விடுற மாதிரி சார்" என்று ஒன்று இருந்தது. "தன்னைத்தானே தின்னுக்கும் சார்" என்று இன்னொன்று.

கேள்விகள் வந்த தேதியைப் பார்த்தாள். சாம்பல் புதனுக்கு முந்தின நாள்.

"ஞாயித்துக்கிழமை இந்தப் புது மாடலுக்கு முறையா திறப்பு விழா. பெனின் சாருக்குப் பொன்னாடை போத்தறோம். நீங்க முன் வரிசைல உக்காரணும்" என்றார் ராம்கி.

அவரிடம் உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அது நாக்கு வரை வந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய வாய் தன்னுடையது இல்லை என்று தோன்றியது. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

ராஜபாளையம் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பெனின் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தான். செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்து, "வந்துட்டியா? அத்தைக்குக் கண்ணு தெளிவா தெரியுதா?" என்றான்.

"தெரியுதாம். எனக்கும்தான்."

அவன் வெளியே வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைக்கிற துணியைத் தேடினான்.

"ராம்கி சார் ஷெட்டுக்குப் போயிருந்தேன்" என்றாள்.

துணி கையிலேயே இருந்தும் அவன் தேடிக்கொண்டிருந்தான். பிறகு பழைய கார் சீட்டில் உட்கார்ந்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன், ஜூடி. நேரம் வரல."

"ஏன் என் பேரைச் சொல்லல?"

"அவரு டெக்னிகல் பார்ட்னரா சேத்துக்குறேன்னாரு. காரு அடியில கெடக்குற பயலை ஒருத்தர் சாருன்னு கூப்பிட்டாரு. வீட்ல பொம்பள வரைஞ்சான்னு சொன்னா என்னைய எதுக்குக் கூப்பிடப் போறாரு? நம்ம ரெண்டு பேருக்கும்தான. ஒன்னோடது என்னோடதுன்னு இருக்கா?"

"படம் போனா போவுது. இன்னொண்ணு வரைவேன்." ஜூடியின் குரல் நடுங்கவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அந்தப் பொருத்தனை கர்த்தருக்குப் பண்ணுனீங்களா, ராம்கிக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாப்பது நாள் இந்த சீட்டுல உக்காந்து கேட்டீங்க. என் புருசனுக்கு என்கிட்ட பேச ஆசை வந்துட்டுன்னு நான் எங்க அம்மாட்ட போன்ல சொல்லிச் சொல்லிப் பூரிச்சேன். பதினோரு கேள்வியும் அவரோடது. ஒங்களோடது எது? ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

பெனின் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்; நெற்றியைச் சுருக்கி, தொலைந்த ஸ்பேனரைத் தேடுகிறவன்போல. தெருவில் ஒரு மில் பஸ் போய் ஓய்ந்தது. இன்னொன்றும் போனது.

"கடலை போதுமான்னு கேட்பேன்ல" என்றான் கடைசியில்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் ஏமாற்றப் பார்க்கவில்லை, தேடிப் பார்த்து அதுதான் கிடைத்திருக்கிறது என்று புரிந்ததும் சிரிப்பு நின்றது.

"முதல்லதான் அதுக்காகக் கேட்டேன். பொறவு எனக்கே பிடிச்சுப் போச்சு. சத்தியமா. சாயந்தரம் எப்ப வரும்னு இருக்கும்."

"லெந்து முடிஞ்சப்பொறவு ஒரு நாள்கூட உக்காரலையே."

 ஈஸ்டருக்குப் பிறகு கடையில் வேலை அதிகம் என்றுதான் அவளும் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"ராம்கி சார்ட்ட சொல்லிருதேன்" என்று அவசரமாக எழுந்தான். "ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே."

"இப்பவே சொல்லுங்க. நான் இங்க நிக்கேன்."

அவன் போனை எடுத்தான். மணி அடித்தது. ராம்கியின் குரல் உற்சாகமாக வெளியே கேட்டது: "சொல்லுங்க பெனின் சார்."

சார் என்றதும் பெனினின் முதுகு தன்னையறியாமல் நிமிர்வதை ஜூடி பார்த்தாள்.

"சார்... எங்க வீட்டுக்காரி வந்திருந்தாளாம்ல. ஆமா சார். இல்ல, சும்மா சொல்லலாம்னு... இந்த டிராயிங் விசயமா... ஆமா, அவளும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவா... ஆமா சார், படிச்சவ... சரி சார். ஞாயித்துக்கிழமை வந்துருதோம்."

போனை வைத்துவிட்டு, "கொஞ்சம் கொஞ்சமாத்தான் சொல்லணும்" என்றான், அவளைப் பார்க்காமல்.

ஜூடி மேஜை இழுப்பறையைத் திறந்தாள். சைலன்சர் படங்களும் குறிப்புகளுமாகத் தன் கையெழுத்தில் இருந்த இரண்டு நோட்டுகளையும் எடுத்துப் பையில் வைத்தாள். அம்மா கொடுத்தனுப்பிய முருங்கைக்காய்களை அதிலிருந்து எடுத்து, மாமியாரிடம் கொடுக்கச் சொல்லி மேஜைமேல் வைத்தாள். கோபத்தில் ஒருவருக்குரியதை எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"எங்க போற?"

"அம்மாவுக்குக் கண்ணுல மருந்து விட ஆள் வேணும்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் தெருவில் இறங்கிவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. பெனின் துணியைக் கையில் பிடித்தபடியே பின்னால் ஓடி வந்தான். ரோட்டில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்து, "ஏட்டி, திரும்பி வருவியா?" என்று கேட்டான்.

இதை யாரும் அவனுக்கு எழுதி அனுப்பவில்லை. இது அவனுடையது. நாற்பது நாளும் எதைக் கேட்டாலும் விளக்கிச் சொன்னவள் ஜூடி. இதற்கும் ஒரு பதிலைத் தனக்குள் தேடித்தான் பார்த்தாள்.

"தெரியலங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.