காரைத் தூசி

அப்பாவின் உடலை வைக்க வந்த ஐஸ் பெட்டி வாசல் நிலையில் சிக்கிக்கொண்டது. நாலு பேர் சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். பாட்டன் காலத்து நிலை, அசையவில்லை.

"நிலையைப் பேர்த்தாத்தான் போகும்," என்றான் பெட்டிக்காரன்.

"பேர்த்தவரைக்கும் போதும். எடுத்துட்டுப் போங்க," என்றாள் சின்னவள்.

"வாசல்லயே போட்டு, அண்ணனை வெளியே கொண்டாந்துடலாமேடி?" என்றார் சித்தப்பா.

"லாரி போற ரோட்டுலயா சித்தப்பா?"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கூடத்தில் அப்பா கிடந்தார். அவருக்கு மேலே, சுவரைக் குடைந்து செருகிய புதுத் தகரக் குழாய்கள். வெயிலுக்குக் குளிரும் குளிருக்குச் சூடும் ஒரே இயந்திரத்திலிருந்து எல்லா அறைக்கும் போகிற ஏற்பாடு. புழுக்கத்தில் மூச்சு வாங்கிக் கிடந்தவருக்காக அவள்தான் ஒற்றைக்காலில் நின்றாள். "எங்கப்பன் வேர்த்துத்தான் செத்தான். நானும் வேர்த்தே போறேன், சுவத்தைத் தொடாதே," என்றார். அவள் சிரித்துவிட்டு மறுநாளே ஆள் கூட்டி வந்தாள்.

இன்று காலை கடைசிச் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயசைத்தார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஓடிப்போய் நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அக்கா நாளை மதியம்தான் வந்து சேர்வாள். "நான் முகம் பாக்காம எடுத்துடாதீங்கடி," என்று போனில் அழுதிருந்தாள். கூடமோ அடுப்படியாகக் காந்தியது.

சின்னவள் ஏசி மெக்கானிக்கிடம் போனாள். "அண்ணே, இதை இப்பவே ஓட்ட முடியுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "லைன் குடுத்தாச்சும்மா. ஆனா ஒருவாட்டிகூட ஓட்டிப் பாக்கல."

"போடுங்க."

எங்கோ பின்கட்டில் இயந்திரம் முனகியது. கொஞ்ச நேரத்தில் காற்று சில்லென்று இறங்கியது. உட்கார்ந்திருந்தவர்கள் முதுகை நிமிர்த்தினார்கள்.

"உசுரோட இருந்தப்ப ஃபேனையே ரெண்டுக்கு மேல வைக்க விடமாட்டாரு மனுஷன்," என்றார் சித்தப்பா. "இப்பப் பாரு, ஜமீன்தார் கணக்கா."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அப்புறம்தான் அது கொட்டத் தொடங்கியது. உடைத்த சுவர்களின் சுண்ணாம்பும் காரையும் மாவு சலித்ததுபோல் குழாய் வாய்களிலிருந்து இறங்கின. அப்பாவின் நெற்றி, இமை, மூக்கு எல்லாம் வெளுத்தன. மெக்கானிக் பதறிக்கொண்டு வந்தார்.

"குழாயை ஊதிவிட்டுட்டுத்தான் போட்டிருக்கணும். மறந்தே போச்சும்மா. நிறுத்திடட்டுமா? ஆனா நிறுத்திக் கழட்டி ஊதணும்னா ராத்திரி ஆயிடும்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். வாசலில் கொதிக்கும் வெயிலைப் பார்த்தாள்.

"வேணாம். ஓடட்டும்."

போன் அடித்தது. அக்கா.

"அப்பா முகம் எப்படிடி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. நீ பதட்டப்படாம வா."

ஈரத்துணியோடு தலைமாட்டில் உட்கார்ந்தாள். நெற்றியைத் துடைத்தாள். இமைகளைத் துடைத்தாள். காது மடலுக்குப் போவதற்குள் நெற்றியில் மறுபடியும் வெள்ளை. துணியைத் திருப்பி, சுத்தமான இடத்தைத் தேடினாள்.